இன்னும் வராத பெட்டி

எனக்கு ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது என்று சொல்லும்போது இப்போதெல்லாம் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. முன்பு அப்படியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மாணவர்கள் உடைத்துப்போடும் மவுஸை மாற்றுவது, யாரோ காலால் இடறிப் பிடுங்கிவிட்ட வயரை மறுபடி செருகுவது, கீபோர்டைக் கவிழ்த்து உள்ளே விழுந்த மிக்சரைத் தட்டுவது, இவைதான் என் வேலை. சாயங்காலம் கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டு, வட்ட விளக்கை எரியவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்தால் நான் வேறு ஆள். அப்போது நான் தொழில்நுட்ப நிபுணர். எங்கள் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று செய்தி வாசிப்பவரைப் போல இழுத்து இழுத்துப் பேசுவேன்.

நிபுணர் நடந்து முடிந்ததைச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் எனக்கு வசமாகக் கிடைத்தது ஒரு பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். அதன் பொருள் ஏதாவது ஒன்று இல்லாத வீடு குறைவு. எதெதையோ செய்து விற்ற அந்த நிறுவனம் அடுத்ததாக வீடியோ கேம் விளையாடும் பெட்டியையும் சொந்தமாகச் செய்யப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெறும் பேச்சு. அவர்கள் வேலைக்கு ஆள் கேட்ட விளம்பரம் ஒன்றில் விளையாட்டு என்ற சொல் இருந்தது. காப்புரிமை கேட்டுக் கொடுத்த படம் ஒன்று உலவியது, கோட்டால் வரைந்த இரண்டு கைகள் எதையோ பிடித்திருந்தன. பிறகு ஒரு மங்கலான புகைப்படம். அதில் இருந்தது ரிமோட்டாகவும் இருக்கலாம், சோப்புப் பெட்டியாகவும் இருக்கலாம்.

இதை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வீடியோ போட்டேன். முதல் வீடியோவில் "வரலாம்" என்றேன். மூன்றாவதில் "வரும் என்று தெரிகிறது". ஐந்தாவதில் "நம்பத்தகுந்த வட்டாரங்கள் உறுதிப்படுத்துகின்றன". அந்த வட்டாரம் என்பது நானும் என் ஃபோனும் மட்டும்தான். விலை என்ன இருக்கும், எந்த மாதம் வரும், என்ன நிறத்தில் வரும் என்பது வரைக்கும் அள்ளிவிட்டேன். பார்ப்பவர்கள் கூடக் கூட எனக்கே அது நடந்துவிட்டதைப் போல ஆகிவிட்டது. பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே இல்லை. அதுதான் இப்போது யோசித்தால் கேவலமாக இருக்கிறது. பொய் என்று தெரிந்து சொல்கிறவனுக்காவது ஒரு கட்டத்தில் பயம் வரும்.

எனக்குச் சாப்பாடு மைனி வீட்டில். மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், அண்ணன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன், அவர்களுடைய மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதனால் மூன்று வேளையும் மைனி கையால்தான். ஒரு கையால் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வயது நாற்பத்தாறு. கால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பந்து ஜன்னல் படியிலேயே இருந்தது. "வெறும் பந்தை எத்தன நேரம் தம்பி பிடிச்சிட்டு இருக்கது? கிறுக்கு பிடிக்கும்லா" என்பார்.

கேம் பெட்டி அந்த வீட்டுக்கு வந்ததும் என்னால்தான். சேனலுக்கு வேண்டும் என்று அண்ணனை நச்சரித்து, அவர் லீவில் வரும்போது ஒன்று கொண்டு வரவைத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து வீடியோ எடுத்தேன். முடிந்ததும் மைனி வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மைனிதான் ஒருநாள் அந்தக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது, அதைத் தள்ளினால் திரையில் இருக்கும் ஆள் நடக்கும்.

உள்ளே இருந்தது ஒரு தோட்டம் போடும் விளையாட்டு. மண்வெட்டியும் தண்ணீர்க் குடமுமாக ஒரு பெண் நிற்பாள். அவளை நடத்திக்கொண்டு போய் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, விளைந்ததைப் பறிக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் அந்தப் பெண் வேலியிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றாள். மைனியின் பெருவிரல் ஒரு பக்கம்தான் தள்ளும், திரும்ப வராது. வலது கையால் இடது விரலைத் தூக்கி வைத்து மறுபடி தள்ளுவார். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நாட்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தபடி அந்தப் பெரிய நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்று அவரிடமும் அளப்பேன். "அப்பிடியா தம்பி" என்று கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் ஆய்வகம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார். "தம்பி, ஓடி வா. தண்ணி ஊத்திட்டேன் பாத்துக்கோ." போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு செடி ஈரமாக நின்றது. மைனியின் முகம் முழுக்கச் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது. நான் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மைனி, இதுல கிராஃபிக்ஸ் ரொம்பப் பழசு" என்றேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் வாயில் அன்றைக்கு வந்தது அதுதான்.

அவர் விடவில்லை. அந்தத் தோட்டத்தில் வருடங்கள் ஓடின. கிணறு வெட்டினார், வேலி கட்டினார், மாடு வாங்கினார். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது பெட்டி அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். விரல்களும் அப்படியே ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வந்தது சுண்டுவிரல். ஒரு வருடம் ஆனபோது தேங்காய் மூடியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் துருவினார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்ணே இரண்டு முறை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

அந்த வருட அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் இது பெரிய நாள். விளைந்ததில் முதலாவதைக் கர்த்தருக்குக் கொண்டுவந்து படைக்க வேண்டும். நெல்லும் ஏத்தன் வாழைக்குலையும் தடியங்காய் என்கிற வெண்பூசணியும் கோழியும் வரும். வயல் இல்லாதவர்கள் அவரவர் தொழிலில் விளைந்ததைக் கொண்டுவருவார்கள். தையல்காரர் ஒரு சட்டை தைத்துத் தருவார், பேக்கரிக்காரர் கேக் தருவார். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்துப் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விளிப்பார்கள். அங்கே ஒரு தடியங்காய் என்ன பெறும் என்று யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவுக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்குக் கொடுத்தவருக்குக் கௌரவம், கடவுளுக்கு மகிமை. கொடுத்தவர் தானே விளிக்கக் கூடாது, அதாவது ஏலத்தில் விலை கேட்கக் கூடாது. ஆனால் பிரியமான பொருளாக இருந்தால், அந்த வீட்டு ஆள் ஒருவர் கூட்டத்தில் நின்று விளித்து, எவ்வளவு போனாலும் விடாமல் எடுத்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோவார். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. சொந்தக்காரர்கள் வேண்டுமென்றே போட்டிக்கு விளித்து ஏற்றிவிட்டுச் சிரிப்பார்கள்.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மைனி எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இந்த வருஷம் வெளைஞ்சது இந்தக் கைதான் தம்பி. கைய வெட்டியா குடுக்க முடியும்? அந்தப் பெட்டியக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"குடுத்திட்டு?"

"நீ ஏலத்துல எடுத்துக் கொண்டு வந்திரு. அண்ணன்ட்ட சொல்லியாச்சு. எவ்வளவு போனாலும் விட்டுரக் கூடாதுன்னு சொன்னாரு. கேட்டியா? விட்டுராதே மக்கா."

சரி என்றேன். எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. கையைத் தூக்கி நாலு முறை விளிக்க வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள்தான் ஒரு வீடியோ போட்டிருந்தேன். பழைய கேம் பெட்டிகளை யாரும் வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், புதுசு வந்தால் இதெல்லாம் காட்சிக்கு வைக்கத்தான் ஆகும் என்று அதில் சத்தியம் செய்யாத குறை. எங்கள் ஊரில் பையன்கள் எல்லாம் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைப் பற்றிக் காதோடு பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏலம் தொடங்கியது. ஏலம் விளிப்பவர் சபையின் மூத்த கமிட்டி ஆள், ஓய்வுபெற்ற வாத்தியார், பேச்சில் நக்கல் உண்டு. குலைகளும் கோழிகளும் போனபிறகு மைனியின் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். பளபளவென்று துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மைனி பெண்கள் பக்கம் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்கு எடுத்த புதுச் சேலை.

"இது என்னது? வீடியோ கேமா? அறுப்புப் பண்டிகைக்கு இதெல்லாம் எந்த வயல்ல வெளையுது?" என்று வாத்தியார் கேட்டதும் கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "நம்ம யூடியூப் அண்ணன்ட்ட கேளுங்க சார்" என்றான். "ஆமாலே, வா, வந்து சொல்லு" என்று வாத்தியார் மைக்கை நீட்டினார். இரண்டு மூன்று ஃபோன்கள் என்னை நோக்கி உயர்ந்தன.

நான் செய்ய வேண்டியது என்ன என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வார்கள். இது என் மைனியின் கையை மீட்டுக்கொடுத்த பெட்டி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம், மைக்கை வாங்காமல் முதல் விளியை நானே விளித்திருக்கலாம். நான் மைக்கை வாங்கினேன். தொண்டையைச் செருமினேன். அந்தச் செய்தி வாசிக்கும் குரல் வந்துவிட்டது.

அஞ்சு நிமிஷம் பேசினேன். விளம்பரத்தில் இருந்த சொல், கோட்டுப் படம், மங்கலான புகைப்படம், எல்லாம். அந்த நிறுவனம் இறங்கினால் மற்றவன் எல்லாம் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றேன். கடைசியில் ஒருவன், "அப்போ இத எடுக்கலாமா அண்ணா?" என்று கேட்டான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தாலும் போதும். நான் சிரித்தேன். "நானா இருந்தா எடுக்க மாட்டேன்" என்றேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கிடைத்த கைதட்டல்களிலேயே பெரியது அதுதான்.

வாத்தியார் மைக்கை வாங்கி விளிக்கத் தொடங்கினார். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சபையில் ஒரு முட்டைக்குக்கூட அப்படி நடந்ததில்லை. அப்புறம் கருங்கல் என்ற ஊரிலிருந்து மாமியார் வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்திருந்த ஒருவர், பாவம் பார்த்து, ஒரு சிறிய தொகை விளித்தார். "ஒரு தரம்" என்றார் வாத்தியார்.

மைனி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விளி என்கிற மாதிரி தலையை அசைத்தார். ஃபோன்கள் இன்னும் என் பக்கமே இருந்தன. நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு நிமிஷம் ஆகவில்லை, இப்போது நானே விளித்தால் சிரிப்பு என் பக்கம் திரும்பும். புதுசு வரட்டும், மைனிக்கு அதையே வாங்கிக் கொடுத்துவிடலாம், இதைவிட நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ரெண்டு தரம்." நான் தரையைப் பார்த்தேன். "மூணு தரம்." அடுத்து வந்த தடியங்காய் அதைப்போல நாலு மடங்குக்குப் போனது.

அசனத்தில், அதாவது எல்லோரும் சேர்ந்து உண்ணும் அந்தச் சாப்பாட்டில், மைனி எனக்கு எதிர்ப்பந்தியில் இருந்தார். கை கழுவும் இடத்தில்தான் பக்கத்தில் வந்தார்.

"எடுக்கல்லியா தம்பி?"

"அது பழசு மைனி. புதுசு வருது. நானே வாங்கித் தாறேன், பாருங்க."

"சரி" என்றார். குழாயை மூடிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அந்தச் சரி அன்றைக்கு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. செய்தது என்று பொய் எழுத மாட்டேன். நேரே வீட்டுக்கு வந்து, பையன்கள் எடுத்த அந்த வீடியோவை வாங்கி என் சேனலில் போட்டேன். சர்ச் ஏலத்தில் நடந்த சுவாரசியம் என்று தலைப்பு. நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. "அவ கேட்டது ஒரே ஒரு காரியம்லே" என்று மட்டும் சொன்னார்.  நான் வேலை இருக்கிறது என்று ஃபோனை வைத்தேன்.

மைனி எப்போதும் போலச் சோறு போட்டார். பெட்டி இருந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார். மதியங்களில் டிவியில் எதுவும் ஓடவில்லை. ரப்பர் பந்து ஜன்னல் படியிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தது. அந்தப் பெரிய நிறுவனம் எப்போது புதுப் பெட்டியை விடப்போகிறது என்று அவராக ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. நான் நாள் சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கமெண்ட் வந்தது. யாரென்று தெரியாதவர். "முன் வரிசையில் கை தூக்கிக்கொண்டே இருக்கும் அக்கா யார்? அவர் விளிப்பதை யாரும் கவனிக்கவில்லையே" என்று எழுதியிருந்தார். ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம். வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். அதைச் சேனலில் போட்ட அன்றைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஓரத்தில் இருந்தது எதுவும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை. "ரெண்டு தரம்" என்ற உடனே மைனியின் கை எழுகிறது. இடது கை. மடியிலிருந்து மெல்ல எழுந்து தோளுக்கு மேலே போய் நிற்கிறது, ஐந்து விரலும் விரிந்து. கொடுத்தவர் விளிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும், அதனால் அதை யாரும் விளியாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு தரம்" சொல்லிப் பெட்டியைக் கருங்கல்காரரிடம் கொடுத்து, அடுத்த பொருளைத் தூக்கும் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பு மடியிலிருந்து எழாத கை. திரையில் பாதி இடத்தில் நான் தரையைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவை அழித்தேன். அழித்தால் போய்விடுமா? எத்தனையோ ஃபோன்களில் அது இருக்கிறது.

அப்புறம்தான் பயம் வந்தது. சொன்ன சொல்லையாவது காப்பாற்ற வேண்டும், புதுப் பெட்டி வருகிற நாளையாவது சரியாகத் தெரிந்துகொள்வோம் என்று தேட உட்கார்ந்தேன். முதல் தடவையாக ஒரு பார்வையாளனைப் போலத் தேடினேன். ஆங்கிலத் தளம் ஒன்றில் மாதமும் விலையும் போட்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆதாரம் எது என்று கீழே தேடிப் போனால் இன்னொரு தளம். அதன் ஆதாரம் ஹிந்தியில் பேசும் ஒரு சேனல். அந்தச் சேனல்காரர் "தமிழ்நாட்டிலிருந்து வந்த தகவல்" என்று சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். அது என் வீடியோவின் முகப்புப் படம். நான் ஊதிவிட்ட காற்றுதான் உலகம் சுற்றி என் முகத்திலேயே அடித்தது. அந்த நிறுவனம் பெட்டி செய்கிறதா இல்லையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வடசேரியில் பஸ் ஏறிக் கருங்கல்லுக்குப் போனேன். பெட்டியை எடுத்தவருக்குச் சந்தைக்குப் பக்கத்தில் பைப் கடை. பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார், அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "யூடியூப் சாரா? வாங்க, இருங்க, சாயா குடிக்கியளா?" என்று உட்காரவைத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் பாதி மறந்துவிட்டது. பெட்டியைத் திரும்பக் கேட்டேன். எங்கள் மைனியினுடையது, அவருக்கு வேண்டும் என்றேன். ஏன் வேண்டும் என்பதையும் சொன்னேன். கை விழுந்தது, பந்து, தோட்டம், சுண்டுவிரல் வரைக்கும். அந்தக் கதையை நான் வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்க வேண்டிய கதை, ஒரு பைப் கடையில் வைத்துச் சொன்னேன்.

அவர் சாயா கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் விளிச்சே இருக்க மாட்டனே சார்."

நான் கிளாஸை எடுத்துச் சாயாவைக் குடித்தேன்.

"எங்க பிள்ளையள் மூணு நாள் வெளையாடிச்சுவ. அதுக்கப்புறம் தொடவே இல்ல. நீங்க சொன்னியள்லா, புதுசு வருதுன்னு. அதுக்காகக் காத்திட்டுக் கிடக்குதுவ. இது பழசாம்." அவர் என்னைக் குத்த நினைத்துச் சொல்லவில்லை, ஊர் நடப்பைச் சொல்கிற குரல்தான். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்து வரச் செய்தார். சிவப்பு ரிப்பன்கூட அப்படியே இருந்தது. பணம் எடுக்க நான் பையைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "காணிக்கைச் சாமான். அதுக்கு உள்ள பணத்த நான் கோயிலுக்குக் குடுத்தாச்சு. உங்கள்ட்ட ஒண்ணும் வேண்டாம், கொண்டு போங்க." ஏதாவது வாங்கியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இது என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இடது கையால் காம்பைப் பிடித்தார், ஆனால் காம்பு நழுவிக்கொண்டே இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "கொண்டா, கொண்டா" என்று வாங்கி, பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, வயர்களை அவரே செருகினார். எந்த வயர் எந்தத் துளைக்குப் போக வேண்டும் என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரிந்திருந்தது. கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

திரை வந்தது. தோட்டம் வந்தது. மைனியின் தோட்டம் அல்ல. வெறும் கட்டாந்தரை, நடுவில் மண்வெட்டியோடு ஒரு பெண். உன் பெயர் என்ன என்று அது கேட்டது.

"என்னோடது எங்க தம்பி?"

எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் புதிதாக விளையாடுவதற்காகப் பழையதை முழுவதும் அழித்திருக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, அடுத்தவர் கைக்குப் போன பெட்டியில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கிணறு, வேலி, மாடு, வேலியில் முட்டிக்கொண்டு நின்ற முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளாகச் சேர்ந்த எல்லாம் போய்விட்டன. நகல் எதுவும் எங்கேயும் இல்லை. இன்டர்நெட்டில் நகல் ஏற்றி வைப்பதற்கான கணக்கைத் தொடங்கிக் கொடுக்கிறேன் என்று நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், தொடங்கவில்லை.

மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. என்னை அறியாமல் தொண்டையைச் செருமினேன். "அதெல்லாம் எங்கயும் போகாது மைனி. இன்டர்நெட்ல ஒரு நகல் தானாவே ஏறியிருக்கும். கம்பெனிக்காரன் வச்சிருப்பான். ரெண்டு நாள்ல எடுத்திரலாம்" என்றேன்.

மைனி கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"தெரிஞ்சுதான் சொல்லுகியா தம்பி? இல்ல, சும்மா சொல்லுகியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை.

"சும்மா சொல்லுகேன் மைனி" என்றேன்.